எருமையூரும் மைசூரும்: ஊகச் சொற்களும் வரலாற்றுத் துணிபும்

1. முன்னுரை

சான்று முழுமையாகக் கிடைக்காத நிலையிலும் ஒன்றைக் கொண்டு மேற்செல்லுதல் வரலாற்றாய்வுக்குத் தவிர்க்க இயலாதது. அவ்வாறு கொள்ளப்படுவன அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. ஐயம், ஊகம், கருதல், அனுமானம், உத்தேசம், கருதுகோள், நம்பிக்கை, துணிபு எனத் தமிழில் வழங்கும் சொற்கள் இவ்வேறுபாட்டைக் காட்டுவன. எனினும் அண்மைக்கால ஆய்வுரைகளில் இவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ‘கருதலாம்’ என ஒரு நூல் கூறியதை அடுத்த நூல் ‘என்பர்’ எனவும், அதற்கடுத்த நூல் ‘ஆகும்’ எனவும் எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. புதிய சான்று எதுவும் சேராமலே ஊகம் உண்மையாக உயர்வு பெறும் முறை இதுவே.

இதனை விளக்க ஏற்றதோர் எடுத்துக்காட்டு, சங்க நூல்களில் வரும் எருமையூர் இன்றைய மைசூரு என்னும் கருத்தாகும். இக்கருத்தின் ஆதாரங்களை எடைபோட்டு, சான்று நிலைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பொருளெல்லையை வரையறுக்க முயல்கிறது இக்கட்டுரை. எருமையூர் மைசூரா, அன்றா எனத் தீர்ப்பது இதன் நோக்கமன்று. அக்கருத்தை எச்சொல்லால் குறிப்பது முறை என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

2. பாடல்கள் தரும் செய்தி

இவ்வாய்வுக்கு அகநானூற்றுப் பாடல்கள் மூன்று இன்றியமையாதன. நக்கீரர் பாடிய 36-ஆம் பாடல், தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை வென்ற செய்தியைக் கூறுகிறது. சேரல், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்போர் அவ்வெழுவர். மாமூலனார் பாடிய 115-ஆம் பாடலில் எருமை என்பானது குடநாடு, தலைவியின் அழகுக்கு உவமையாகிறது. நக்கீரரின் 253-ஆம் பாடலோ வடுகர் தலைவனாகிய எருமை என்பானது நாட்டையும் அங்குள்ள அயிரி என்னும் ஆற்றையும் சுட்டுகிறது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் சில செய்திகள் தெளிவாகின்றன. எருமை என்னும் பெயரோடு தொடர்புடைய தலைவன் ஒருவன் இருந்தான். அவன் வடுகரொடு சார்த்திக் கூறப்படுகிறான். அவனுக்குரிய நாடு குடதிசை சார்ந்தது. அந்நாட்டில் அயிரியாறு ஓடியது. இவ்வளவே பாடல்கள் நேரே தருவன.

இவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. 36-ஆம் பாடலில் எருமையூரன் எனப்படுதலால் எருமை என்பது ஊர்ப்பெயரின் உறுப்பாக நிற்கிறது. ஏனைய இரண்டிலும் அது ஆட்பெயராக நிற்கிறது. ஊரின் பெயர் தலைவனுக்கு வந்ததா, தலைவனின் பெயர் ஊருக்கு வந்ததா என்பது பாடல்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்யத்தக்கதன்று. மூன்று பாடல்களிலும் சுட்டப்படுபவன் ஒருவனே என்பதும் கொள்ளப்படுவதே அன்றிக் கூறப்பட்டதன்று. ஆகவே ‘எருமையூர் மைசூர்’ என்னும் முடிவுக்கு முன்னரே இரண்டு கொள்கைகள் சொல்லாமல் உட்புகுந்துவிடுகின்றன.

3. தறியும் மகனும்

இத்தகைய நிலையை எவ்வாறு மொழிவது என்பதற்குத் தமிழ் இலக்கணம் முன்னரே வழி வகுத்துள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயப்பொருளைக் கூறும் மரபைத் தனியே எடுத்துரைக்கிறது. தொலைவில் தோன்றுவது உயர்திணையோ அஃறிணையோ எனத் தெரியாதபோது உருவு, வடிவு போன்ற பொதுச்சொல்லால் கூற வேண்டும். உயர்திணையில் ஆணோ பெண்ணோ எனத் தெரியாதபோது பன்மையால் கூற வேண்டும். உரையாசிரியர்கள் இதற்குக் குற்றியையும் மகனையும் எடுத்துக்காட்டாகக் கொள்வர். அறிந்த அளவைக் கடந்து சொல் செல்லலாகாது என்பதே இவ்விதிகளின் உட்கிடை. ஐயுற்ற ஒன்றைத் துணிந்த சொல்லால் கூறுதல் இலக்கண நோக்கில் வழுவாகும்.

இடையியலும் இந்நோக்கை உறுதிப்படுத்துகிறது. ‘கொல்’ என்னும் இடைச்சொல் ஐயத்துக்கும், ‘மன்ற’ என்பது தேற்றத்துக்கும் உரியவையாக வகுக்கப்பட்டுள்ளன. கூற்றின் உறுதியளவை ஒரு சிறு சொல்லால் காட்டும் வசதி பழந்தமிழில் இருந்தது. பிற்கால உரைநடையில் ‘போலும்’, ‘எனலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ என்பன அப்பணியை ஏற்றன.

மெய்யியல் நோக்கில் இதனை மேலும் விரித்தது மணிமேகலை. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி பத்து அளவைகளைக் கூறி, அளவையெனப் போலியாகத் தோன்றும் எட்டனையும் கூறுகிறான். அவ்வெட்டனுள் ஐயம், தேராது தெளிதல் என்னும் இரண்டும் அருகருகே வைக்கத்தக்கன. காண்பது தறியோ மகனோ என முடிவின்றி மயங்குதல் ஐயம். ஆராயாது தறியை மகன் என்றே உணர்தல் தேராது தெளிதல். எடுத்துக்காட்டு ஒன்றே; காண்பவனின் நிலைதான் வேறு. ஐயுறுபவன் தன் அறியாமையை அறிந்திருக்கிறான். தேராது தெளிந்தவன் அதனையும் இழந்துவிடுகிறான். ஆகவே இரண்டும் போலி அளவைகளேயாயினும், ஐயம் ஆய்வுக்கு வாயிலாகிறது. தேராது தெளிதல் அவ்வாயிலை அடைத்துவிடுகிறது.

எருமையூர்ச் சிக்கலின் வரலாற்றை இவ்விரு சொற்களைக் கொண்டே கூறிவிடலாம். அது தறியோ மகனோ என்னும் நிலையில் தொடங்கி மகனே என்னும் நிலையில் வந்து நின்றது.

4. மகிஷமும் எருமையும்

எருமையூரை மைசூரொடு இயைப்பார் கூறும் முதற்காரணம் பெயர்ப்பொருள் ஒற்றுமை. மைசூர் என்னும் பெயர் மகிஷன் என்னும் வடசொல்லோடு ஊர் சேர்ந்து அமைந்தது. மகிஷம் எருமையைக் குறிக்கும். எனவே எருமையூர் என்பது அதன் தமிழ் வடிவம் என்பது அவர் வாதம். குடநாடு என்னும் குறிப்பும், வடுகர் என்னும் குறிப்பும் தமிழகத்தின் வடமேற்கெல்லைக்குப் பொருந்துவன என்பது துணைக்காரணம். இத்துணைக்காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று.

முதற்காரணத்தில் ஒரு நுட்பம் உண்டு. எருமை என்னும் சொல்லுக்கு இனமான கன்னடச் சொல் எம்மே என்பது. எருமையூர் என்னும் பெயரே ஒலித்திரிபு பெற்றுத் தொடர்ந்து வந்திருப்பின் எம்மே என்னும் சொல்லை முதலாகக் கொண்டதோர் ஊர்ப்பெயரையே எதிர்பார்க்க வேண்டும். மைசூர் அவ்வாறு அமையவில்லை. ஆகவே ஒரு காலத்தில் ஊர்ப்பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருள்வழியே பெயர்க்கப்பட்டது எனக் கொள்ள வேண்டியுள்ளது. ஊர்ப்பெயர்கள் அவ்வாறு பெயர்க்கப்படுவது உண்டு. மறைக்காடு வேதாரணியம் ஆனமை யாவரும் அறிந்தது. ஆயின் மறைக்காட்டுக்குத் தேவாரம் முதலாகத் தொடர்ச்சியான சான்றுகள் உள்ளன. எருமையூருக்கு அத்தகைய இடைக்கண்ணி காட்டப்படவில்லை. ஒலி ஒற்றுமை என்பது ஓரளவு தானே சான்றாகும். பொருள் ஒற்றுமையோ பெயர்ப்பு நிகழ்ந்தது என்பதற்கு வேறொரு சான்றை வேண்டி நிற்பது.

அச்சான்றாக மகாவம்சம் கூறும் மகிஷமண்டலம் எடுத்துக்காட்டப்பட்டது. அசோகர் காலத்து மூன்றாம் பௌத்தப் பேரவைக்குப் பின் மகாதேவ தேரர் மகிஷமண்டலத்துக்கு அனுப்பப்பட்டார் என அந்நூல் கூறுகிறது. மைசூர் அரசின் தொல்லியல் துறையை நடத்திய பி. எல். ரைஸ் இதனை மைசூர் நாடு எனக் கொண்டார். ஜே. எஃப். ஃப்ளீட் 1910-இல் இலண்டன் இராயல் ஆசியக் கழக இதழில் இதனை மறுத்து, மகிஷமண்டலம் என்பது நருமதைக் கரையிலிருந்த மாகிஷ்மதியைச் சார்ந்த நாடு என வாதிட்டார்.

இவ்விரு அறிஞரின் கருத்து வேறுபாடு பின்னர் வந்த நூல்களில் ஒரு விந்தையான முறையில் மறைந்து போயிற்று. மகிஷமண்டலம் மைசூரே என்பதற்குச் சங்க நூல்களின் எருமையூர் சான்றாயிற்று. எருமையூர் மைசூரே என்பதற்கு மகாவம்சத்தின் மகிஷமண்டலம் சான்றாயிற்று. அளவை நூலார் இதனை ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் குற்றமாகக் கூறுவர். தனித்து நிற்க இயலாத இரண்டு கோல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது போன்ற நிலை இது. பார்ப்பவர்க்கு இரண்டும் உறுதியாக நிற்பனவாகத் தோன்றும். ஒன்றை எடுத்தால் மற்றொன்றும் விழும்.

1892-இல் ரைஸ் கண்டறிந்த அசோகர் சாசனங்கள் ஈண்டு நோக்கத்தக்கன. இன்றைய சித்ரதுர்க மாவட்டத்தின் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களில் உள்ள அவை சுவர்ணகிரியையும் இசிலத்தையும் பெயர் சுட்டிக் கூறுகின்றன. மகிஷமண்டலம் என்னும் பெயர் அவற்றில் இல்லை. தென்னாட்டு அரசுகளைக் கூறும் இரண்டாம் பெரும்பாறைச் சாசனத்திலும் அப்பெயர் இல்லை. இவ்வின்மையைக் கொண்டு மகிஷமண்டலம் அப்பகுதியன்று என முடிவு கட்டுதலும் தவறேயாகும். அலுவலர்க்கு விடுத்த ஆணை ஒன்று நாட்டின் பெயரைக் கூறியே ஆக வேண்டும் என்பதில்லை. இன்மை சான்றாவது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதபோது மட்டுமே.

மைசூரில் வழங்கும் மகிஷாசுரன் கதையும், சாமுண்டி மலை வழிபாடும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவன. ஊரின் பெயர்க்காரணத்தை அம்மக்கள் எவ்வாறு கொண்டனர் என்பதற்கு அவை சிறந்த சான்று. சங்க காலத்தில் அவ்வூர் எப்பெயர் பெற்றிருந்தது என்பதற்கு அவை சான்றாகா. மணிமேகலை இத்தகையதை ஐதிகம் என்னும் அளவையுள் அடக்குகிறது. ஒரு மரத்தில் பேய் உண்டு என உலகோர் கூறுவதைக் கொண்டு தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. வழிவழி வந்த கூற்றுக்கு ஒரு பெயரும் இடமும் தந்து, அதனைக் காண்டலோடும் கருதலோடும் கலவாமல் நிறுத்தியமை அந்நூலின் தெளிவைக் காட்டுகிறது.

5. இரு ஒப்புமைகள்: துவரையும் புன்னாடும்

கருநாடகப் பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் வேறிரு பெயர்களை ஒப்பிட்டால் எருமையூர்க் கருத்தின் தரம் மேலும் விளங்கும்.

புறநானூறு 201-ஆம் பாடலில் கபிலர் இருங்கோவேளைத் துவரையை ஆண்ட மரபில் நாற்பத்தொன்பது வழிமுறை வந்தவனாகக் கூறுகிறார். புலிகடிமால் எனவும் விளிக்கிறார். ஹொய்சளர் தலைநகர் துவாரசமுத்திரம். அவர் மரபுக்கதையோ சளன் என்பான் புலியைக் கொன்ற கதை. பெயரும் கதையும் ஒருங்கே ஒத்திருத்தலால் கபிலர் கூறிய துவரை துவாரசமுத்திரமே என்னும் கருத்து எழுந்தது. ஓர் ஒற்றுமை ஐயத்தைத் தரும். இரண்டு ஒற்றுமைகள் நம்பிக்கையைத் தந்துவிடுகின்றன. ஆயின் துவாரசமுத்திரம் ஹொய்சளர் தலைநகராக விளங்கியது 11-ஆம் நூற்றாண்டு முதலாகத்தான். புலிக்கதை அவர்தம் சாசனங்களில் இடம்பெறுவது 12-ஆம் நூற்றாண்டில். கபிலர்க்கும் அவற்றுக்கும் இடைப்பட்ட காலம் ஆயிரம் ஆண்டளவு. அந்நெடிய இடைவெளியை நிரப்பும் சான்று இல்லாதவரை, இரண்டு ஒற்றுமைகளும் ஆய்வைத் தூண்டுவனவாகுமே அன்றி அதனை முடிப்பன ஆகா. துவரை என்பது கண்ணனின் துவாரகையே என்பார் கருத்தும் உளது என்பதை மறத்தலாகாது.

புன்னாட்டின் நிலை வேறு. தாலமி என்னும் கிரேக்க நிலநூலாசிரியர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பௌன்னாட்டா என்னும் இடத்தைப் பச்சைக்கல்லோடு சேர்த்துக் கூறுகிறார். புன்னாட்டு வேந்தரின் செப்பேடுகளும் கங்கர் செப்பேடுகளும் அந்நாட்டைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அதன் தலைநகர் கீர்த்திபுரம், கபினி ஆற்றங்கரையிலுள்ள கிட்டூர் என அறியப்படுகிறது. மைசூரு மாவட்டத்துத் தென்மேற்குப் பகுதியே புன்னாடு என்பது இவ்வாறு பெயர்த்தொடர்ச்சியாலும் சாசனத்தாலும் நிறுவப்படுகிறது. மணிமேகலை கூறும் மூவகைக் கருதலுள் எச்சத்தோடு இதனை ஒப்பிடலாம். ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேற்றிசையில் மழை பெய்தமையை உணர்தல் போல, எஞ்சிய சாசனத்தைக் கொண்டு முன்னிருந்த நாட்டை உணர்கிறோம்.

மூன்றையும் வரிசைப்படுத்தினால், புன்னாடு கருதலளவையால் நிறுவப்பட்டது. எருமையூர் ஓரளவு காரணமுடைய ஊகம். துவரை துவாரசமுத்திரம் என்பது ஒப்புமை வழிப்பட்ட ஊகம். மூன்றையும் ‘கருதப்படுகிறது’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் உரைநடை, படிப்பவர்க்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

6. ஊகம் துணிபான வரலாறு

ஊகம் எப்போதும் இழிவானதன்று என்பதற்குச் சத்தியபுத்திரர் பற்றிய ஆய்வு சான்றாகும். அசோகரின் இரண்டாம் பெரும்பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எனத் தென்னாட்டாரைக் கூறுகிறது. இவருள் சத்தியபுத்திரர் யாவர் என்னும் வினா நெடுங்காலம் ஆராயப்பட்டது. சத்தியமங்கலப் பகுதியினர் என வின்சென்ட் ஸ்மித்தும், மராத்தியரின் சாத்புதே என்னும் குடிப்பெயரோடு தொடர்புடையவர் என டி. ஆர். பண்டார்க்கரும் கூறினர். துளுநாட்டார் எனக் கொண்டாரும், வாய்மை தவறாதவராகப் பாடப்பட்ட கோசரொடு இயைத்தாரும் உண்டு. கே. ஜி. சேஷையர் 1937-இல் வெளியிட்ட சேரர் வரலாற்று நூலில் அவரை அதியமான் மரபினர் எனக் கொண்டார். 1940-களின் இறுதியில் டி. பர்ரோ சொல் முதல் சகரம் கெடுதலையும், புத்திரன் என்பது மகன் என்பதன் பெயர்ப்பாதலையும் காட்டி அதற்கு மொழியியல் வலிமை சேர்த்தார்.

1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளியைக் கூறும் அக்கல்வெட்டு அவனைச் சதியபுதோ என்னும் அடையொடு சுட்டுகிறது. அதனைப் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்றதனால் ஏனைய கருத்துகள் கைவிடப்பட்டன. பல ஊகங்களுள் ஒன்று துணிபாயிற்று.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. 1937-க்கும் 1981-க்கும் இடையே அதியமான் பற்றிய கருத்து சரியாகவே இருந்தது. ஆயினும் அது துணிபாக இருக்கவில்லை. பின்னர் மெய்யென நிறுவப்பட்டமையால் முன்னரே அது நிறுவப்பட்டிருந்தது ஆகாது. ஒரு கருத்தின் உண்மையும், அதனை உண்மையெனக் கூறுவதற்குரிய உரிமையும் வேறு வேறானவை. முன்னது பொருளைச் சார்ந்தது. பின்னது சான்றைச் சார்ந்தது. எருமையூர் மைசூரே என நாளை ஒரு கல்வெட்டு காட்டக்கூடும். அதனால் இன்று ‘ஆகும்’ என எழுதுவார் செயல் முறையானதாகிவிடாது.

7. சொற்களின் பொருளெல்லை

இந்நோக்கில் சான்றுநிலைச் சொற்கள் சிலவற்றின் வரலாற்றைக் காண்பது பயனுடையது. ஊகம் என்னும் சொல் சங்க நூல்களில் ஒருவகைப் புல்லையும் கருங்குரங்கையும் குறித்தது. இன்றைய பொருளில் வழங்குவது வடசொல் வழிவந்த வேறொரு சொல். பேச்சில் அது யூகம் எனவும் வழங்கும். பழந்தமிழ் நூல்நெறியில் இதற்கு நெருங்கியது உய்த்துணர்தல். தொல்காப்பியம் முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்றாக உய்த்துக்கொண்டு உணர்தலைக் கூறுகிறது. சொன்னதைக் கொண்டு சொல்லாததை உணர்வது அது. ஆகவே உய்த்துணர்வுக்குப் பற்றுக்கோடு நூலினுள்ளேயே இருத்தல் வேண்டும்.

அனுமானம் என்பதும் கருதல் என்பதும் ஒரு பொருளன. சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. கருதலுக்கு ஏது வேண்டும். ஏதுவுக்கும் துணிபொருளுக்கும் நீங்காத தொடர்பு வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் கருதல். முகிலைக் காணாமலே மழை வரும் என்பது கருதலன்று. இன்றைய வழக்கில் ‘கருதுகிறேன்’ என்பது எண்ணத்தின் அளவாகச் சுருங்கிவிட்டமையால் அச்சொல்லின் பண்டை வலிமை குறைந்தது.

உத்தேசம் என்பது நியாய நூலார் முறையில் பொருளைப் பெயர் சுட்டி எடுத்துக்கொள்ளுதல். அதன்பின் இலக்கணம் கூறுதலும், அதன்பின் ஆராய்தலும் நிகழும். ஆய்வின் முதற்படிக்குரிய அப்பெயர் தமிழ் வழக்கில் ஏறத்தாழக் கூறப்படும் அளவுக்குப் பெயராயிற்று. கருதுகோள் என்பது அறிவியல் தமிழ் வளர்ச்சியில் பரவிய சொல். சோதிக்கப்படுவதற்காகவே முன்வைக்கப்படுவது கருதுகோள். இலங்கைத் தமிழ்க் கல்வி நூல்கள் எடுகோள் என்னும் சொல்லையும் வழங்கி, சோதனைக்கு வைப்பதனையும் சோதியாது எடுத்துக்கொள்வதனையும் வேறுபடுத்துகின்றன. இவ்வேறுபாடு தமிழகத்து ஆய்வுரையிலும் ஏற்கத்தக்கது.

இவற்றுள் மிகவும் சிந்தனைக்குரியது நம்பிக்கை. தொல்காப்பிய உரியியல் நம்பு என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம் எனப் பொருள் கூறுகிறது. பிற்காலத்தில் அச்சொல் ஐயமற ஏற்றலைக் குறிக்கலாயிற்று. விரும்புவதையே மெய்யெனக் கொள்ளும் மனித இயல்பு இப்பொருள் மாற்றத்தில் பதிந்திருப்பதாகத் தோன்றுகிறது. எருமையூர்க் கருத்து பரவியமைக்கும் இவ்விருப்பத்தின் பங்கு குறைவன்று. சங்க நூல்களின் நிலப்பரப்பு விரிந்தது எனக் காட்ட விரும்பிய தமிழறிஞர்க்கும், தம் நகரின் பழமையை நிறுவ விரும்பிய மைசூர் வரலாற்றறிஞர்க்கும் அது ஒருங்கே உவப்பாயிற்று. இரு சாராரும் விரும்பும் கருத்தை மறுத்துப் பார்ப்பார் அரியர். எதிர்ப்பு இன்மையும் நாளடைவில் சான்றுபோல் எண்ணப்பட்டது.

8. பகரக் குறியும் ‘போலும்’ என்னும் சொல்லும்

சான்றின் தரத்தைக் குறியால் காட்டும் முறை ஒன்று மைசூருவிலேயே நெடுங்காலமாகப் பேணப்பட்டு வருகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தென்னிந்தியக் கல்வெட்டுகள், எபிகிராஃபியா இந்திகா ஆகிய வெளியீடுகளில் சிதைந்த அல்லது ஐயத்துக்குரிய எழுத்து பகர அடைப்புக்குள் தரப்படும். பதிப்பாசிரியர் தாமே சேர்த்த எழுத்து உடுக்குறியோடு தரப்படும். முற்றும் அழிந்த இடம் புள்ளிகளால் காட்டப்படும். கண்டது எது, கருதியது எது, காணாதது எது என்பது இவ்வாறு ஒவ்வோர் எழுத்தளவிலும் பிரித்துணர்த்தப்படுகிறது. காண்டலும் கருதலும் ஐயமும் அச்சுக்குறிகளாக உருப்பெற்றமை இது எனலாம்.

இலக்கிய ஆய்வுரைகளும் வட்டார வரலாறுகளும் கல்வெட்டுத் தொடரை எடுத்தாளும்போது இக்குறிகள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. படிப்பதற்கு எளிமை கருதி அவ்வாறு செய்யப்படுகிறது. அதன் விளைவாகப் பதிப்பாசிரியர் ஊகித்த எழுத்து கல்லில் வெட்டப்பட்ட எழுத்தாக மாறிவிடுகிறது. ‘போலும்’ என்னும் சொல்லை விடுத்து ஒரு கருத்தை எடுத்தாள்வதற்கும் பகர அடைப்பை விடுத்து ஒரு கல்வெட்டை எடுத்தாள்வதற்கும் வேறுபாடில்லை.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. கல் தேய்கிறது, கோயில் திருப்பணியில் சில கற்கள் இடம் மாறுகின்றன, சில மறைகின்றன. அந்நிலையில் ஊகத்தைச் சரிபார்க்க எஞ்சுவது மைப்படி ஒன்றே. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. எவ்விடத்தில் வைக்கப்படினும், ஒரு பாடத்தை ஐயுற்றவர் மீண்டும் சென்று காண இயலும் நிலை வேண்டும். குறி நீக்கிய பாடத்தைப் படிப்பவர்க்கோ ஐயுற வேண்டும் என்னும் எண்ணமே தோன்றாது. மீண்டும் காணப்படாத மைப்படி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். எருமை என்பது ஆட்பெயரா ஊர்ப்பெயரா என்பது இன்றும் ஐயத்துக்குரியது. எருமையூர் மைசூரு என்பது குடநாடு, வடுகர் ஆகிய குறிப்புகளால் ஓரளவு காரணம் பெற்ற ஊகம். அதற்கு மகிஷமண்டலத்தைச் சான்றாகக் காட்டுதல் ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் குற்றத்துக்கு உட்படும். அயிரியாற்றின் இடம் சாசனத்தால் உறுதிப்படுமாயின், அல்லது பெயர்ப்பு நிகழ்ந்தமையைக் காட்டும் இடைக்கண்ணி கிடைக்குமாயின், அவ்வூகம் கருதலாக உயரும். அதுவரை அதனைக் கருதுகோளாக வைத்து ஆராய்தல் தகும். துணிபாக வைத்து அதன்மேல் வேறு முடிவுகளைக் கட்டுதல் தகாது.

ஐயத்தைக் கொல் என்னும் ஓரசையால் உணர்த்திய மொழி தமிழ். தோன்றும் உருவத்தை மகன் என்று கூறுமுன் உருவு என்று கூறப் பணித்தது அதன் இலக்கணம். ஆய்வுரை எழுதுவோர் அச்சொற்களை அவற்றிற்குரிய இடத்தில் வழங்குவராயின், ஒரு நூலின் ஊகம் அடுத்த நூலிலும் ஊகமாகவே சென்று சேரும். அவ்வாறு சேர்ந்த ஊகத்தையே பின்வருவோர் சோதிக்க இயலும். ஜம்பைக் கல்வெட்டு கண்டறியப்பட்டபோது அதன் சிறப்பை ஆய்வுலகம் உடனே உணர்ந்தமைக்குக் காரணம், சத்தியபுத்திரர் யாவர் என்னும் வினா அதுவரை திறந்தே இருந்தமை. எருமையூர் பற்றிய வினாவும் அவ்வாறே திறந்திருத்தல் வேண்டும்.